கூரை முகட்டில் திர்சா

திர்சா ஹப்பெல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தபோது ஹார்லோ என்கிற எங்கள் ஊர் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர் முடிந்த கையோடு நியூ ஹாம்ப்ஷயர் கவர்னர் இந்த மலைகளின் படத்தில் சதுரம் சதுரமாகக் கோடு போட்டு, சதுரத்துக்கு ஒரு பெயர் வைத்து விற்றார். அவர் இங்கே கால் வைத்ததே கிடையாது. தெற்கே கனெக்டிகட்டில் அப்பன் நிலம் மூத்தவர்களுக்கே பற்றாமல் வெறுங்கையோடு நின்ற இளைய பிள்ளைகள் ஓடிப்போய் வாங்கினார்கள். திர்சாவின் கணவர் அசகேல் அவர்களில் ஒருவர். என் வீட்டுக்காரர் இன்னொருவர்.

பனி இறுகிக் கிடந்த பிப்ரவரியில்தான் வந்தோம். கோடையில் அந்தக் காட்டுவழிச் சேறு மாட்டை முட்டிவரை விழுங்கிவிடும். பனியிலோ சறுக்குவண்டி தானாக வழுக்கிக்கொண்டு போகும். திர்சா வண்டியில் ஏறவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளையும் கம்பளியில் சுற்றி மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டு, மாட்டுக்குப் பின்னால் காலுறை பின்னிக்கொண்டே நடந்தாள். நெடிய உடம்பு, பெரிய கைகள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பாள். வழியில் எங்கள் வண்டி கவிழ்ந்து மாவு மூட்டை ஓடைக்குள் விழுந்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னக்கா சிரிக்கிறீங்க? குளிர்காலம் பூரா திங்க வேண்டிய மாவு!"

"ஓடைக்குப் பசிச்சிருக்கு போல. அழாத. எங்க மூட்டையில பாதி எடுத்துக்கோ."

அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம் ஆரம்பித்தது.

ஊருக்குள் நுழையும் பாதையில் முதல் மனை அவர்களுடையது. அடுத்தது எங்களுடையது. மரத்தை வெட்டினோம், எரித்தோம், அந்தச் சாம்பலைக் காய்ச்சிச் சோப்புக்கு ஆகிற உப்பெடுத்து ஆல்பனிச் சந்தைக்கு அனுப்பினோம். வெட்டிய அடிமரங்களுக்கு நடுவே மக்காச்சோளத்தை ஊன்றினோம். காலையில் சோளக்கூழ், மத்தியானம் அவரை, ராத்திரிக்கு மறுபடி கூழ். முதல் கோடையிலேயே திர்சா ஆற்றங்கரையிலிருந்து களிமண் சுமந்து வந்து வீட்டுக்கு வெளியே ரொட்டி அடுப்பு ஒன்று கட்டினாள். தேன்கூடு மாதிரி இருக்கும். ஊரில் வேறு யாரிடமும் அடுப்பு இல்லை. சனிக்கிழமை ஆனால் எல்லா வீட்டு மாவும் அங்கே வரும். சண்டை, சமாதானம், யாருக்கு யாரைக் கட்டுவது என்பதெல்லாம் அந்த அடுப்படியில்தான் பேசி முடியும்.

இரண்டாவது வசந்தத்தில் அசகேல் வெட்டிய மரம் வேறொரு மரத்தில் சாய்ந்து, அங்கிருந்து புரண்டு அவர் மேலேயே விழுந்தது. தூக்கிக்கொண்டு வருவதற்குள் உயிர் போய்விட்டது. மண் இளகியிருந்ததால் குழி தோண்டச் சிரமம் இல்லை. திர்சா அழுததை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் வெட்டிப் போட்ட மரத்தின் கிளைகளை ஒற்றையாளாகக் கழித்துக்கொண்டிருந்தாள். உதவிக்குப் போன என் வீட்டுக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

எங்கள் ஊருக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் கேப்டன் எலிஃபலெட் கிரேன். போரில் இருந்தவர், நல்லவர், உரத்த குரல். துக்கம் கேட்க வந்தவர் அப்படியே பேச்சைத் திருப்பினார்.

"திர்சா, ரெண்டு பொட்டப்புள்ளைங்களை வெச்சுக்கிட்டு இந்தக் காட்டுல எப்படி இருப்ப? ஒண்ணு ஊருக்குத் திரும்பிப் போ. இல்லன்னா என் தம்பி ரூபென் இருக்கான். குடிக்கிற பழக்கம் இல்ல. காது மட்டும் கொஞ்சம் மந்தம்."

"காது மந்தம்னா நல்லதுதான் கேப்டன். ஆனா எனக்கு வேண்டாம்."

"பின்ன என்னதான் பண்ணப்போற?"

"கோடைக்குள்ள அந்த மேட்டுல கோதுமை போடலாம்னு இருக்கேன்."

போட்டாள். விளைந்தது. அதற்கப்புறம் யாரும் அவளைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை.

நாங்கள் வாங்கிய பட்டா செல்லாது என்கிற பேச்சு அப்போதுதான் கிளம்பியது. கிழக்கே கனெக்டிகட் ஆறு வரைக்கும் உள்ள இந்த மலைநாடு முழுக்க நியூயார்க்கைச் சேர்ந்தது என்று அரசர் லண்டனில் இருந்துகொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். அப்படியானால் நாங்கள் நின்ற மண் எங்களுடையது இல்லை. நியூயார்க் கவர்னரிடம் புதிதாக விலை கொடுத்து மறுபட்டா வாங்கவேண்டும், இல்லையென்றால் கிளம்பவேண்டும். எங்களில் யாரிடமும் அதற்கு வழியில்லை. "ஒரே மாட்டுக்கு ரெண்டு தடவை விலையா?" என்று கேப்டன் மேசையில் குத்தினார். யாரும் கொடுப்பதில்லை என்று ஊர் கூடி முடிவானது.

அடுத்த அக்டோபரில் ஆல்பனியிலிருந்து நியூயார்க்கின் ஷெரீப் வந்தார், கோர்ட் உத்தரவை நிறைவேற்றுகிற அதிகாரி. கூடவே குதிரைமேல் ஒரு கூட்டம். பாதையில் முதல் வீடு திர்சாவுடையது. அன்று சனிக்கிழமை. அடுப்படியில் நாங்கள் மூன்று நான்கு பெண்கள் மட்டும் இருந்தோம். ஆண்கள் எல்லாரும் மேட்டுக்காட்டில் இருந்தார்கள். ஷெரீப் குதிரையிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றினார். மரியாதை தெரிந்தவர்தான்.

"அம்மா, இந்த மனை நியூயார்க் பட்டாப்படி வேறொருத்தருக்குச் சொந்தம். வீட்டைப் பிரிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. சாமானை வெளிய எடுத்துடுங்க."

திர்சா அடுப்பைப் பார்த்தாள். "உள்ள ரொட்டி வெந்துட்டிருக்கு. நாலு வீட்டு ரொட்டி. அது வெளிய வர்ற வரைக்கும் இருப்பீங்களா?"

அவர் தாடையைச் சொறிந்தார். "இருக்கோம்."

உண்மையாகவே காத்திருந்தார்கள். நாங்கள் படுக்கை, பெட்டி, இரும்புச் சட்டி, ராட்டை என்று எல்லாவற்றையும் புல்லில் கொண்டுவந்து வைத்தோம். ரொட்டி வெளியே வந்தது. வாசம் பிடித்த ஒருவன் கிட்டே வந்து, "ஒரு துண்டு கிடைக்குமா அக்கா?" என்றான்.

"கிடைக்குமே. கூரையைப் பிரிக்காம குதிரை ஏறிட்டா முழு ரொட்டியே தர்றேன்."

அவன் சிரித்துவிட்டு ஏணி எடுக்கப் போனான். பலகை பலகையாகப் பிடுங்கிக் கீழே போட்டார்கள். ஒருவன் பாட்டுப் பாடினான், மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் மாதிரித் தெரியவில்லை, கூலிக்கு வந்தவர்கள். அதுதான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. திர்சா சின்னவள் அபியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்று பார்த்தாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

அவர்கள் போன பின் மழை பிடித்தது. கூரையில்லாத வீட்டுக்குள் சாமானைக் கொண்டுபோவதா, வெளியிலேயே விடுவதா என்று தெரியாமல் நின்றோம். ஆண்கள் வந்து சேர்ந்தார்கள், மறுநாள் ஞாயிறு என்றும் பாராமல் ஏறினார்கள். கேப்டனே முகட்டில் உட்கார்ந்து ஆணி அடித்தார். கூரை திரும்ப வந்துவிட்டது. ஆனால் படுக்கை வைக்கோலில் இறங்கிய ஈரம் இறங்கினதுதான். அபியாவுக்குப் பிடித்த இருமல் வசந்தம் வரை விடவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குளிர்காலத்திலும் அது திரும்பி வந்தது.

பனி உருகத் தொடங்கும் நாட்களில் திர்சாவின் மனைக் கோடியில் இருந்த மேப்பிள் தோப்புக்கு வடக்கேயிருந்து அபெனாக்கி என்கிற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு குடும்பம் வரும். மாலி என்கிற அம்மாள், அவள் கணவன் பிளாஸ்வா, சில உறவுக்காரர்கள். மரத்தில் கீறி, மரப்பட்டைக் கலயத்தில் சாறு பிடித்து, சர்க்கரை காய்ச்சிக்கொண்டு போவார்கள். நாங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது அவர்கள் தோப்பு. வடக்கே அவர்கள் ஊர் போரில் எரிந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள்தான் கொளுத்தினார்கள். மாலி அதைப் பற்றி எங்களிடம் பேசியதே கிடையாது. திர்சா அவர்களைத் தடுத்ததில்லை. ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பாள், சர்க்கரைக் கட்டி வாங்கி வருவாள். அந்த வருஷம் நானும் கூடப் போயிருந்தேன்.

"உன் கூரையை எடுத்துட்டாங்களாமே?" என்றாள் மாலி.

"ஆமா. நியூயார்க் கவர்னர் ஆளுங்க. நிலம் அவரோடதாம்."

"அப்ப உனக்கு வித்தவர்?"

"அவரும் கவர்னர்தான். அவரு தன்னோடதுன்னு சொல்றாரு."

மாலி கொதிக்கும் சாற்றைக் கிளறினாள். "ரெண்டு பேர்ல எங்கப்பாகிட்ட வாங்கினது யாரு? எங்கப்பா யாருக்கும் வித்ததாச் சொல்லலையே."

பிளாஸ்வா சிரித்தான். நானும் சும்மா சிரித்து வைத்தேன். வழக்கமாக முதலில் சிரிக்கும் திர்சா மட்டும் சிரிக்கவில்லை. மாலிதான் கடைசியில், "பொங்குது பாரு, அந்தச் சட்டியைப் பிடி" என்று பேச்சை மாற்றினாள்.

அதற்காகத் திர்சா நிலத்தை விட்டுவிட்டாள் என்று சொன்னால் அது பொய். அவள் விடவில்லை. நாங்கள் யாரும் விடவில்லை. திரும்பி வரும்போது அவள், "அவ கேட்டதுக்கு ஒரு பதில் இருக்கணுமே, எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது" என்றாள். எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த இளவேனிலில் ஆற்றின் போக்கில் கொஞ்சம் கீழே புதிதாகப் புகை எழுந்தது. போய்ப் பார்த்தால் ஸ்காட்லாந்துக்காரக் குடும்பம் ஒன்று. டூகல் என்று ஒரு செம்பட்டைத் தாடிக்காரன், அவன் மனைவி இஷ்பெல், கைக்குழந்தை. கப்பலில் வந்து இறங்கியதும் நியூயார்க்கில் யாரோ அவர்களுக்குப் பட்டா எழுதிக் கொடுத்து, ஆற்றோரம் போங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று சொல்லவில்லை. அவர்கள் வீடு கட்டியிருந்த இடம் எங்கள் பட்டாப்படி கேப்டனின் தம்பி, காது மந்தமான ரூபெனுக்குச் சொந்தம்.

இஷ்பெலுக்கு எங்கள் பேச்சு அவ்வளவாக வராது. ஒரு சனிக்கிழமை ஓட்ஸ் மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு, புகையை அடையாளம் வைத்து, திர்சாவின் அடுப்படிக்கு வந்துவிட்டாள். அங்கே இருந்த பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினோம். அவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த தட்டைப் பார்த்தாள், திரும்பிப் போகக் காலெடுத்தாள்.

திர்சா அடுப்புக்குள் ரொட்டிகளைக் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணினாள். "இப்படிக் குடு."

அவ்வளவுதான். இஷ்பெல் ஒவ்வொரு வாரமும் வர ஆரம்பித்தாள். கேப்டனின் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. அதற்காக ரொட்டி சுடாமலும் இருக்க முடியவில்லை.

கோடை முடிவதற்குள் ஆண்கள் கூடிப் பேசிவிட்டார்கள். நியூயார்க் பட்டாக்காரன் ஒருவனை விட்டால் பத்துப் பேர் வருவார்கள். ஷெரீப் செய்ததையே இவர்களும் செய்வது, கூரையைப் பிரிப்பது என்று முடிவானது. என் வீட்டுக்காரரும் அதில் இருந்தார். காலையில் கோடரியை எடுத்தபோது நான் எங்கே என்று கேட்டேன், சொன்னார். ரொட்டிக்கு உப்பு வாங்கப் போகிற சாக்கில் திர்சாவிடம் ஓடிச் சொன்னேன்.

அவள் மாட்டுக் கொட்டகையிலிருந்த ஏணியை எடுத்துத் தோளில் வைத்தாள். பெரியவள் லவினாவை அபியாவோடு என் வீட்டில் விட்டுவிட்டு ஆற்றோரமாக நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

கேப்டனும் ஆட்களும் பாதையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, டூகல் வாசலில் மண்வெட்டியோடு நின்றான். இஷ்பெல் குழந்தையை அணைத்தபடி அவன் பின்னால் நின்றாள். திர்சா கூரை முகட்டில் குதிரை ஏறுகிற மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். வானம் மூடி, காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் முகம் வெளுத்திருந்ததைக் கீழே நின்ற நான் பார்த்தேன். உயரம் அவளுக்கு ஆகாது. கண்ணை ஊசியிலிருந்து எடுக்கவே இல்லை.

கேப்டன் அண்ணாந்து பார்த்தார். "திர்சா, இறங்கு."

"முடியாது கேப்டன்."

"இறங்க மாட்டியா, இறங்க முடியாதா?"

"ரெண்டும்தான். முட்டி பிடிச்சிக்கிச்சு."

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். கேப்டன் திரும்பி முறைத்தார்.

"இவங்க யார்க் ஆளுங்கம்மா! உன் வீட்டைப் பிரிச்சவங்களோட ஆளுங்க!"

"இவங்க யார்க்ல கப்பல் விட்டு இறங்கினாங்க. அவ்வளவுதான் சம்பந்தம்."

"உன் கூரை போனப்ப யாரு வந்து வெச்சா? நான்தானே ஆணி அடிச்சேன்? இப்படி உக்காந்துதானே அடிச்சேன்?"

"நீங்கதான். மறக்கல. அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன், ஷெரீப்கிட்ட கேக்கல." அவள் ஊசியை அடுத்த கண்ணியில் கோத்தாள். "அன்னைக்கு அவனுங்க சிரிச்சிக்கிட்டே பிடுங்கினாங்க கேப்டன். இப்ப உங்க ஆளுங்க சிரிச்சதும் அதே மாதிரிதான் கேட்டுச்சு. எனக்கு வித்தியாசம் தெரியல."

டூகல் மண்வெட்டியைக் கீழே இறக்கினான். "நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்" என்றான் தடுமாறிய பேச்சில். "திருடல."

"நானும் காசு குடுத்துத்தான் வாங்கினேன்!" என்று ரூபென் கத்தினான். காது மந்தமானவர்களுக்கே உரிய கத்தல். "இது என் மனை! எனக்கு என்ன வழி?"

அது நியாயமான கேள்வி. எல்லாரும் மறுபடி மேலே பார்த்தார்கள். திர்சா பின்னுவதை நிறுத்தினாள்.

"ரூபென், என் ஆத்தோரப் புல்வெளி தெரியுமில்ல?"

"என்னது?"

"புல்வெளி! ஆத்தோரம்!"

"ஊர்லயே நல்ல புல்லு அதுதான்! ஏன்?"

"அதை எடுத்துக்கோ. இந்த மனையை இவங்களுக்கு உன் பட்டாப்படி எழுதிக்குடு. ரெண்டு பட்டாவும் கையில இருந்தா எந்தக் கவர்னர் ஜெயிச்சாலும் இவங்களை யாரும் கிளப்ப முடியாது. நம்ம ஊருக்கும் ஹாம்ப்ஷயர் பட்டாக்காரன் ஒருத்தன் கூடின மாதிரி ஆச்சு."

அந்தப் புல்வெளியில்தான் அவளுடைய மாடுகள் குளிர்காலம் தாண்டின. அதைக் கொடுத்தால் ஒரு மாட்டையாவது விற்றாகவேண்டும். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"கல்யாணத்துக்குக் கேட்டப்ப மாட்டேன்னுட்ட. இப்பப் புல்வெளியைத் தர்றியாக்கும்!" என்றான் ரூபென்.

"புல்லு அறுக்கக் காது கேக்க வேண்டாம்ல."

அதற்குக் கேப்டனே சிரித்துவிட்டார். சிரித்த பின் கூரையைப் பிரிக்க யாருக்கும் மனசு வரவில்லை. டூகல் மட்டும் முதலில் தலையை ஆட்டி மறுத்தான். பிச்சை வாங்கப் பிடிக்கவில்லை அவனுக்கு. இஷ்பெல் அவனிடம் அவர்கள் பேச்சில் ஏதோ சுருக்கமாகச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று தெரியாது, ஆனால் அவன் வாயை மூடிக்கொண்டான்.

அப்புறம் திர்சாவை இறக்குவதுதான் பெரும்பாடாகிப்போனது. முட்டி உண்மையாகவே மடங்கவில்லை. ஒரு பக்கம் டூகலும் மறுபக்கம் ரூபெனுமாக ஏணியில் நின்று, மாவு மூட்டை இறக்குவது மாதிரி இறக்கினார்கள். தரையில் கால் பட்டதும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "இனிமே செத்தாலும் ஏறமாட்டேன்" என்றாள் காதோரம். கொஞ்ச நேரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. அத்தனை பேரும் அந்த ஒற்றை அறை வீட்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். இஷ்பெல் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி ஒரே கிண்ணத்தில் சுற்றி அனுப்பினாள்.

ஊரில் எல்லாருக்கும் அது பிடித்துப்போய்விட்டது என்று சொல்லமுடியாது. கேப்டன் அடுத்த ஒரு வருஷத்துக்குத் திர்சாவோடு பேசவில்லை. ஆட்களுக்கு முன்னால் தன்னைச் சிரிக்க வைத்துவிட்டாள் என்ற கோபம். சிலர் அவளை யார்க்காரி என்று கூப்பிட்டார்கள். அவள் ஒரு பசுவை விற்றாள். அந்தக் குளிர்காலம் பாலும் வெண்ணெயும் குறைந்தது. அபியாவுக்கு இருமல் வந்தபோது நான் எங்கள் வீட்டுப் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிறகு அரசரோடேயே போர் வந்தது. டூகல் அரசர் பக்கம். ஒரு காலத்தில் அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தானாம், மீறமாட்டேன் என்றான். இரண்டு பட்டாவும் கையில் இருந்தும் ஒரு நாள் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டான். வீடு காலியாகக் கிடந்து, பனி அழுத்தி அதன் கூரை தானே இறங்கிவிட்டது. அதைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"இதுக்காக்கா அந்தப் புல்வெளியைக் குடுத்தீங்க?" என்றேன்.

"அன்னைக்கு மழை பெஞ்சுச்சில்ல. அந்தக் கைக்குழந்தை நனையல."

அபியா பத்தொன்பது வயதில் இறந்தாள். அந்தச் சாவில்தான் திர்சா அழுது நான் பார்த்தேன். கேப்டன் வந்து சவப்பெட்டியைத் தானே செய்தார். பெட்டி முடிந்த பின்னும் போகாமல் அடுப்பு ஓரமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் பழைய மாதிரிப் பேச ஆரம்பித்தது அன்றுதான்.

கடைசியில் இந்த மலைநாடு நியூ ஹாம்ப்ஷயருக்கும் இல்லை, நியூயார்க்குக்கும் இல்லை என்றாகி, வெர்மான்ட் என்று தனியாக நின்றது. எங்கள் பட்டாக்கள் செல்லும் என்றார்கள். ஊர் கூடி மணி அடித்தோம். மாலியின் ஆட்கள் வருவது அதற்குச் சில வருஷங்கள் முன்பே நின்றுபோயிருந்தது. ஏன் என்று கேட்க வழியில்லை. தோப்புச் சர்க்கரையை இப்போது நாங்களே காய்ச்சினோம். அந்த நாட்களில் திர்சா தோப்புப் பக்கம் வரமாட்டாள். வீட்டில் வேலை இருக்கிறது என்பாள்.

லவினாவின் கணவன் மேற்கே பெரிய ஏரிக்கு அப்பால் புது நிலம் வாங்கியபோது, திர்சாவுக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. கூடவே வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். நாங்கள் எவ்வளவோ தடுத்தோம்.

"இந்த வயசுல மறுபடி காடா?"

"லவினாவுக்கு அஞ்சு பிள்ளைங்க. அவ ஒருத்தியா என்ன பண்ணுவா?"

"அங்கயும் நிலத்துக்குத் தகராறு இருக்காம்க்கா. பழைய குடி வேற யாரோவாம்."

"இருக்கும்" என்றாள். "அவங்ககிட்ட வாங்கினது யாருன்னு போய்க் கேட்டுப் பாக்கறேன்."

மனையை என் மகனுக்கு விற்றாள். இந்த முறை சறுக்குவண்டியில் உட்கார்ந்துதான் போனாள், முட்டி நடக்கவிடவில்லை. ஒன்றிரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு கால்நடை வியாபாரி அவளைப் பார்த்ததாகச் சொன்னான். நன்றாக இருக்கிறாளாம். கிணற்றுத் தண்ணீரில் இரும்பு வாசம் அடிக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் குறை சொல்கிறாளாம். அங்கே போன மூன்றாவது குளிர்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று அதற்கடுத்த தடவை அவனே வந்து சொன்னான். ஏரி தெரிகிற மேட்டில் புதைத்திருக்கிறார்கள். நான் அந்த இடத்தைப் பார்த்ததில்லை.